சம்பளம் வாங்கினால் அது சேவை ஆகாதா?

தைப்பூசம் வந்தால் நம் இளைஞர்களைக் கையில் பிடிக்க முடியாது. பத்துமலையில் விடிய விடிய தண்ணீர்ப் பந்தலில் நிற்பார்கள், அண்டா கழுவுவார்கள், மறுநாள் குப்பையும் பொறுக்குவார்கள். யாரும் அதைக் கேவலமாக நினைப்பதில்லை. "சேவை செஞ்சேன்"னு பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நல்ல விஷயம்தான்.

அதே இளைஞர்களில் ஒருவர் எஸ்.பி.எம். முடித்துவிட்டு, "அரசாங்க ஆஸ்பத்திரியில பி.பி.கே. வேலைக்கு மனு போடப் போறேன்"னு வீட்டில் சொல்லட்டும். "அதுவா? பேம்பர்ஸ் மாத்துற வேலைதானே?" என்று முகம் சுளிக்கும் வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. 'பெம்பாந்து பெராவாத்தான் கெசிஹாத்தான்' என்பதன் சுருக்கம்தான் பி.பி.கே. தாதியருக்குத் துணையாக நின்று நோயாளியைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போவது எல்லாம் இவர்கள் கையில்தான். எழுந்து உட்காரக்கூடத் தெம்பில்லாத முதியவர்களுக்கு நாள் முழுக்க அதிகம் தெரிந்த முகம் இவர்களுடைய முகமாகத்தான் இருக்கும்.

பந்தலில் செய்தால் சேவை, வார்டில் செய்தால் கேவலம். ஏன் இப்படி? யோசித்துப் பார்த்தால் இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று தீட்டு. இன்னொன்று சம்பளம்.

முதலில் தீட்டைப் பார்ப்போம். கைக்குழந்தையைக் கழுவிவிடும் தாயை நாம் யாரும் தாழ்வாக நினைப்பதில்லை. அப்படியென்றால், எண்பது வயதுப் பாட்டியைக் கழுவிவிடுபவர் மட்டும் எப்படித் தாழ்ந்து போவார்? வேலை முடிந்து குளித்துவிட்டு விளக்கேற்ற அவருக்கு என்ன தடை? கையில் ஒட்டிய அழுக்கு சவுக்காரம் போட்டால் போய்விடும். ஆளைத் தாழ்த்திப் பார்க்கும் எண்ணம்தான் அவ்வளவு சுலபத்தில் போகாது. 1897 ஜனவரியில் ராமேசுவரம் கோயிலில் பேசிய சுவாமி விவேகானந்தர், ஏழையிடமும் பலவீனரிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே உண்மையான வழிபாடு என்றார். சிலையில் மட்டும் சிவனைக் காண்பது ஆரம்ப நிலைதான் என்றும் சொன்னார். சிவன் கோயிலுக்குள்ளேயே நின்று சொன்ன பேச்சு அது.

அடுத்தது சம்பளம். "காசு வாங்கிட்டுச் செய்யறது எப்படிப்பா சேவை ஆகும்?" என்று கேட்பார்கள். நம் கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பவர் சம்பளம் வாங்குகிறார், குருக்களும் வாங்குகிறார். அதனால் அந்த வாசிப்பில் பக்தி இல்லை, பூசை பலிக்காது என்று நாம் சொல்வதில்லையே.

மகாபாரதத்தில் வன பருவத்தில் ஒரு கதை வரும். தவ வலிமையால் கர்வம் பிடித்த கௌசிகர் என்ற அந்தணருக்குத் தர்மம் புரியவில்லை. மிதிலைக்குப் போய் ஒருவரைக் கேட்கச் சொல்கிறார்கள். போய்ப் பார்த்தால் அவர் கடையில் இறைச்சி விற்கும் வியாதர்! விற்று வந்த காசில் குடும்பம் நடத்துகிறவர். அவர் கௌசிகரை வீட்டுக்குக் கூட்டிப் போய், வயதான தாய் தந்தையைக் காட்டி, "இவர்கள்தான் என் தெய்வங்கள்" என்கிறார். பிழைப்புக்குச் செய்யும் தொழிலும், முதியோரைப் பேணுவதும், தர்மமும் ஒரே ஆளிடம் ஒன்றாக இருந்தன. காசு வாங்கியதால் அவருடைய தர்மம் குறைந்ததாக அந்தக் கதை சொல்லவில்லை.

அப்படியானால் சேவையை எதை வைத்து அடையாளம் காண்பது? எனக்குத் தெரிந்து ஒரே கேள்விதான். நான் செய்வது யாருடைய தேவைக்காக?

தானாகப் புரள முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது வழக்கம். இல்லாவிட்டால் இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் புண் வைத்துவிடும். இரவு மூன்று மணிக்கு நமக்குத் தூக்கம் வரும், ஆனால் புண் அதற்காகக் காத்திருக்காது. பந்தலில் களைத்துப் போனால் நாம் வீட்டுக்குக் கிளம்பலாம். வார்டில் இருப்பவர் கிளம்ப முடியாது. ஊட்டும்போதும் அப்படித்தான். நிமிர்த்தி உட்கார வைத்து, சின்னக் கரண்டியில், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய். அவசரப்பட்டால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

இதைவிடக் கஷ்டமானது, செய்யாமல் பொறுத்திருப்பது. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நல்ல ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நோயாளியின் நிலைமையைக் கேட்கவா வேண்டும்! தாத்தா தானே சட்டைப் பொத்தானைப் போட ஐந்து நிமிடம் ஆகும், நாம் போட்டால் ஐந்து விநாடி. டாக்டர் தடுக்காதவரை, பக்கத்தில் நின்று அவரையே போட விடுவதுதான் சேவை. எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் நமக்குப் புண்ணியம் சேர்ந்த மாதிரி இருக்கும், அவருக்கோ இருக்கிற பலமும் போய்விடும்.

இன்னொன்று, பேச்சு. காய்ச்சலோ கிருமியோ வந்தால் சில முதியவர்களுக்கு மூளை தடுமாறும். எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் ராத்திரியில் கத்துவார்கள். தோட்டத்தில் பால்மரம் வெட்டி வாழ்ந்த, தமிழைத் தவிர வேறு மொழி அதிகம் தெரியாத பாட்டியை நினைத்துப் பாருங்கள். கண்ணாடியை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து, "பாட்டி, ஆஸ்பத்திரில இருக்கீங்க, பயப்படாதீங்க. இப்ப திருப்பிப் படுக்க வைக்கட்டுமா?" என்று தமிழில் ஒரு குரல் கேட்டால் அவருக்கு எவ்வளவு பெரிய தெம்பு! நம் பிள்ளைகள் இந்த வேலைக்குப் போக வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும். பக்கத்துக் கட்டிலில் இருக்கும் மலாய்ப் பாட்டிக்கும் சீனப் பாட்டிக்கும் அதே கனிவு கிடைக்க வேண்டும், அதில் மாற்றம் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். "சேவைதானே, சம்பளத்தைப் பத்தி ஏன் பேசறே?" என்று யாராவது சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். ஆளைத் தூக்கித் தூக்கி இடுப்பு வலி வருவது உண்மை, இரவு வேலையும் உடம்பைக் கெடுக்கும். ஒரே ஆள் தலையில் நிறைய கட்டில்களைக் கட்டினால், எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் பொத்தானுக்கு ஐந்து நிமிடம் காத்திருக்க முடியாது. முதியோருக்கு மரியாதை வேண்டும் என்றால், அவர்களைத் தாங்கும் கைகளுக்குத் தகுந்த சம்பளமும் போதுமான ஆளும் வேண்டும். அதைக் கேட்பதும் தர்மம்தான்.

அடுத்த முறை வார்டுக்கு உறவினரைப் பார்க்கப் போனால், அங்கே வேலை செய்பவரை "ஹலோ" என்று விரலைச் சொடுக்கிக் கூப்பிடாமல், அண்ணே, அக்கா என்று கூப்பிடுங்கள். கட்டிலிலிருந்து பாட்டியை எப்படிப் பிடித்து எழுப்புவது என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நம் வீட்டிலும் அது தேவைப்படும் நாள் வரும். உங்கள் தம்பி தங்கை யாராவது இந்த வேலைக்கு மனு போட நினைத்தால், "போடு, நல்ல வேலை"னு நீங்களே முதலில் சொல்லுங்கள்.