இயலாமையும் குற்றமும்

செய்யக்கூடியதைச் செய்யாதவனைக் கண்டிக்கிறோம்; செய்ய இயலாதவனுக்குக் கைகொடுக்கிறோம். அறவியலிற் பழகிப்போன இவ்வேறுபாடு, இயலாமை கண்ணுக்குப் புலனாகாதவிடத்து என்னவாகும் என்பதே நம்முன் உள்ள வினா.

கருவுற்றவள் அருந்தும் மதுசாரம் சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவின் மூளையைத் தாக்கவல்லது. 1973 இல் சியாற்றில் நகர மருத்துவர்களான யோன்சும் சிமித்தும் இதற்கொரு பெயரிட்டனர். பாதிப்புற்றோருட் பலர் தோற்றத்தில் வேறுபடார், சரளமாகவே பேசுவர். ஆயின் நேற்றுக் கற்றது இன்று நினைவில் நில்லாது. செயலின் விளைவை முன்னுணர்தல் அரிது. வினவுவோர் விரும்பும் விடையையே கூறிவிடுவதும் உண்டு.

இவ்விறுதி இயல்புக்கு நியூசிலாந்தின் தெய்னா போரா தம் இளமையையே விலையாகக் கொடுத்தார். 1993 இல், 17 வயதில், ஒரு கொலையின்போது தாமும் உடனிருந்ததாகப் பொலிசாரிடம் கூறினார். கொலை நடந்த வீட்டைக்கூட அவராற் சுட்டிக்காட்ட முடியவில்லை. எனினும் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறையிற் கழிந்தன. 2015 இல் இலண்டன் கோமறைக் கழகம் (ஒருகாலத்தில் நம் நாட்டு வழக்குகளையும் இறுதியாகத் தீர்த்த அதே மன்றம்) அவரது கருநிலைப் பாதிப்பைக் கருத்திற்கொண்டு அத்தீர்ப்பை நீக்கியது.

அவ்வாறாயின் குற்றம் தாயினுடையதா? 2014 இல் இங்கிலாந்திலே, இவ்வாறு பாதிப்புற்ற சிறுமியொருத்தியின் சார்பில், குற்றச்செயல்களாற் காயமுற்றோர்க்குரிய நட்டஈடு கோரப்பட்டது. கரு சட்டத்தின்கண் பிறிதோர் ஆள் அன்று; ஆகவே குற்றமில்லை, நட்டஈடுமில்லை என்றது மேன்முறையீட்டு நீதிமன்றம். தீர்ப்புச் சரியென்றே கருதுகிறேன். தாயரைக் குற்றவாளிகளாக்கின் அவர்கள் மருத்துவரிடம் உண்மையை மறைப்பர். அவ்வுண்மையின்றி மகவின் நோயை இனங்காண்பதும் கடினமாகும். என்னை உறுத்துவது வேறொன்று: மகளின் தேவை, தாயின் குற்றம் என்னும் வாயிலூடாகவா அரசிடம் செல்லவேண்டும்?

நியூசிலாந்து 2016 இல் இதற்கெனத் தேசியச் செயற்றிட்டம் வகுத்தது. மதுப் புட்டிகளிற் கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கை 2023 முதல் அங்கு கட்டாயமாயிற்று. ஆயினும் மாற்றுத்திறனாளர் உதவிக்கு அறிவுத்திறன் ஈவு 70 அல்லது அதற்குக் கீழ் இருத்தல் வேண்டும் என்னும் வரம்பு நெடுங்காலம் நிலவியது. பாதிப்புற்ற பலரின் ஈவோ அதற்கு மேற்பட்டது. எழுத்தறிவிக்கும் கல்வியன்று அவர்கள் வேண்டுவது. நாள்தோறும் செய்யவேண்டியதை மீண்டும் நினைவூட்டவும், பொலிசார் வினவுகையில் அருகிருந்து விளக்கவும் ஒருவர் வேண்டும். போராவின் பாதிப்பை 1993 இல் எவரும் இனங்கண்டிருக்கவில்லை.