வீண்பேச்சும் விழுமியமும்

மனிதன் இயல்பாகவே கூடிவாழும் உயிரினம் என்ற கருத்து அரிஸ்ரோட்டில் காலந்தொட்டு மெய்யியலாளரால் வலியுறுத்தப்பட்டு வந்துள்ளது. இக்கருத்தினுள் ஓர் ஆபத்தும் பொதிந்துள்ளது. கூடிவாழ்தலே மனித இயல்பெனில், கூடத் தெரியாதவர் எனக் கணிக்கப்படுவோர் மனித இயல்பிற் குறைந்தவர் ஆகிவிடுகின்றனர். இருபதாம் நூற்றாண்டில் இக்கணிப்புக்குப் பெரிதும் ஆளானோர் ஓட்டிசம் உடையோர் ஆவர். அவருள்ளும் இன்று முதுமையை எட்டியிருப்போரின் நிலை தனித்து நோக்கத்தக்கது. இம்முதியோர் தம்முள் நட்புப்பூண்டு, அன்றாடச் சிறு நிகழ்ச்சிகளைப் பற்றிப் பகிடியும் பரிவுமாகப் பேசி, ஒருவர்க்கொருவர் துணையாவது கடந்த முப்பது ஆண்டுகளில் மேலைநாடுகளில் வளர்ந்துவந்துள்ள ஒரு வழக்காகும். பயனற்ற அரட்டை எனத் தோன்றும் இப்பேச்சு அறவியலுக்கு உணர்த்துவது யாது என்பதே இங்கு எழும் வினா.

ஓட்டிசம் என்பது தொற்றும் நோயுமன்று, தேய்ந்து மறையும் பருவக் குறையுமன்று. மூளை வளர்ச்சியின் தொடக்கத்திலேயே அமைந்து, வாழ்நாள் முழுவதும் தொடரும் ஒரு வேறுபாடு அது. ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றை உணரும் முறையிலும், கவனம் குவியும் முறையிலும், பிறரோடு உறவாடும் முறையிலும் இவ்வேறுபாடு வெளிப்படும். 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போல்ரிமோர் நகரில் பணியாற்றிய லியோ கன்னர் என்னும் மருத்துவர் பதினொரு சிறுவரைப் பற்றி எழுதிய கட்டுரையே இதனை உலகறியச் செய்தது. மறு ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர் இதனையொத்த சிறுவரைப் பற்றி எழுதினார். 1967இல் புரூனோ பெற்றெல்ஹைம் தமது நூலில் இத்தகைய பிள்ளையை வெற்றுக் கோட்டையாக உருவகித்துப் பெற்றோரின் அன்பின்மையே காரணம் எனச் சாதித்தார். அவரது விளக்கம் பின்னர் தவறெனக் கைவிடப்பட்டது. ஆயினும் உள்ளே எவருமில்லை என்ற அவ்வுருவகம் மக்கள் மனத்தினின்றும் எளிதில் அகலவில்லை.

1985இல் இலண்டனில் பரன்-கோகன், லெஸ்லி, பிரித் ஆகிய மூவர் நடத்திய பரிசோதனை இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. ஒரு பொம்மை தன் கோலியைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே செல்கிறது. இன்னொரு பொம்மை அதனைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறது. திரும்பிவரும் பொம்மை கோலியை எங்கே தேடும் என்பது வினா. ஓட்டிசம் உடைய இருபது சிறுவருள் பதினாறு பேர் பெட்டியிலே தேடும் எனத் தவறாக விடையளித்தனர். பிறர் உள்ளத்தில் இருப்பதை ஊகிக்கும் ஆற்றல் இவர்களுக்கு இல்லை என்ற முடிவு இதிலிருந்து பெறப்பட்டது. சிறுவரிடம் கண்டது முதியவர்க்கும், ஒரு சோதனையிற் கண்டது முழு வாழ்வுக்கும் பொருந்துவதாகக் காலப்போக்கிற் கொள்ளப்பட்டது. நட்புக்குத் தகுதியற்றோர் என்ற தீர்ப்பு இவ்வாறு விஞ்ஞானத்தின் முத்திரையையும் பெற்றது.

இனி, இன்றைய முதியோரின் நிலையை நோக்கலாம். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டு நூலில் ஓட்டிசம் தனி வகையாக இடம்பெற்றது 1980இல் ஆகும். 1940களிலும் 1950களிலும் பிறந்து, பேச்சும் படிப்பும் வாய்க்கப்பெற்றோரை அவர்தம் இளமையில் எவரும் இனங்காணவில்லை. கூச்சமுடையவர், கர்வம் பிடித்தவர், ஒருமாதிரியானவர் என்னும் பெயர்களே அவர்களுக்குக் கிடைத்தன. தம் பிள்ளைக்கோ பேரப்பிள்ளைக்கோ மருத்துவர் பெயரிட்டபோது தம்மையும் அதிற் கண்டு, ஐம்பது, அறுபது வயதிலே தம் வாழ்வின் விளக்கத்தைப் பெற்றோர் பலர். 2015இல் ஒரு மருத்துவச் சஞ்சிகையில் வெளியான கட்டுரை இவர்களை இழக்கப்பட்ட தலைமுறை எனக் குறிப்பிட்டது. பிறரைப் போல் நடிப்பதற்கே தம் ஆற்றலின் பெரும்பகுதியைச் செலவிட்ட தலைமுறை இது. கண்ணைப் பார்த்துப் பேசுதல், உரிய இடத்திற் சிரித்தல், இரைச்சலைச் சகித்தல் ஆகியன ஏனையோர்க்குத் தாமாக வருபவை. இவர்களுக்கோ அவை நாள்தோறும் செய்து முடிக்கவேண்டிய வேலை.

இத்தகையோர் தம்முள் சந்தித்தபோது நேர்ந்தது என்ன? 1992இல் ஜிம் சிங்கிளெயர் முதலியோர் அமெரிக்காவில் ஓட்டிசம் உடையோருக்கான வலையமைப்பு ஒன்றை நிறுவினர். கடிதத் தோழமையே அதற்கு முன்னோடியாக அமைந்தது. 1996முதல் இவர்கள் நடத்திய ஆண்டுக் கூடலில் கவனத்துக்குரிய வழக்கங்கள் உருவாயின. ஒருவர் சிவப்பு அட்டை அணிந்திருப்பின் அவரிடம் எவரும் பேசலாகாது. மஞ்சள் அட்டையாயின் முன்னரே அறிமுகமானவர் மட்டும் பேசலாம். பின்னர் பரவிய பச்சை அட்டை, பேச விரும்பியும் தொடங்க இயலாதவரைக் குறித்தது. மௌனம் அவமதிப்பன்று என்பதை ஒரு சமூகம் தனக்குத் தானே விதியாக வகுத்துக்கொண்டமையை இங்குக் காணலாம். பிறர் மனத்தை அறியாதவர் எனப்பட்டோரே, பிறர் மனநிலையை மதிப்பதற்கு ஏனையோர் கருதியும் பாராத ஏற்பாடொன்றைச் செய்தனர்.

இவர்களிடையே நிகழும் அன்றாடப் பேச்சின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், மருத்துவரிடம் நேரம் கேட்டுத் தொலைபேசி எடுக்கத் துணிவின்றி மூன்று நாட்களாக இருப்பதாக நண்பருக்கு எழுதுகிறார் எனக் கொள்க. இதற்கெல்லாமா அஞ்சுவது என்பதே பெரும்பாலோரின் மறுமொழியாயிருக்கும். இந்நண்பரோ, "மூன்று நாள்தானே? எனது சாதனை பதினொரு வாரம். அதை முறியடிக்க உங்களுக்கு இன்னும் அனுபவம் போதாது" என எழுதுகிறார். மறு வரியிலேயே தொலைபேசியிற் சொல்லவேண்டிய வாசகங்களை ஒழுங்காக எழுதிக்கொடுத்து, தாளைக் கையில் வைத்து வாசிக்குமாறும், பேசி முடித்தபின் "முடிந்தது" என்று ஒரு சொல் மட்டும் எழுதுமாறும் கேட்கிறார். அதன்பின் உரையாடல் சட்டைக் கழுத்தில் உறுத்தும் துணித்துண்டை வெட்டுவதற்குச் சிறந்த கத்தரிக்கோல் எது என்பதற்குத் தாவுகிறது.

இதில் மெய்யியல் சார்ந்த பொருள் உண்டோ எனச் சிலர் வினவலாம். உண்டு என்பதற்கு அரிஸ்ரோட்டிலே சான்று. நிக்கோமாக்கிய அறவியலின் நான்காம் நூலில் அவர் வீரம், கொடை முதலியவற்றோடு இனிய நகைச்சுவைப் பேச்சையும் ஒரு நற்பண்பாக எண்ணுகிறார். எதையும் பகிடியாக்கிப் பிறரை நோகச்செய்யும் கோமாளித்தனம் ஒரு முனை. நகைப்பையே வெறுக்கும் முரட்டுத்தனம் மறுமுனை. இடமும் ஆளும் அறிந்து பேசுதல் இவற்றின் நடுநிலை. மேற்காட்டிய பகிடியை இவ்வளவுகோலால் அளக்கலாம். அந்நண்பர் அச்சத்தை எள்ளவில்லை. தம்மையே அதனினும் பெரிய அச்சமுடையவராக்கி, மற்றவரின் வெட்கத்தைப் போக்குகிறார். எதைச் சொன்னால் நோகும், எதைச் சொன்னால் சுமை குறையும் என அறியாதவரால் இவ்வாறு பேசுதல் இயலாது. கேலி என்பது பிறர் உள்ளத்தை அறிதலின் மிக நுண்ணிய வடிவம். அதில் வழுவாதவரைப் பிறர் உள்ளம் அறியாதவர் என்பது முரண்பாடாகும்.

மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1923இல் வெளியிட்ட கருத்தொன்றும் இங்குத் துணைபுரியும். காலநிலையையும் சுகநலத்தையும் பற்றிய பேச்சு செய்தி அறிவிப்பதற்காக எழுவதன்று. உறவைப் பேணுவதற்காக எழுவது என்பது அவரது விளக்கம். ஓட்டிசம் உடையோர் இத்தகைய பேச்சில் ஈடுபாடற்றவர் என்பது பொதுவான எண்ணம். ஆனால் புகையிரத நேரசூசியையும் கத்தரிக்கோலையும் பற்றி அவர்கள் தம்முள் நீளப் பேசுவது, ஏனையோர் மழையைப் பற்றிப் பேசுவது செய்யும் அதே பணியையே செய்கிறது. பொருள் வேறு, தொழில் ஒன்று.

அவ்வாறாயின் முன்னைய தீர்ப்பு எங்கே பிழைத்தது? பிரித்தானியச் சமூகவியலாளரும் தாமே ஓட்டிசம் உடையவருமான டேமியன் மில்ரன் 2012இல் இதற்கு விடையளித்தார். ஓட்டிசம் உடையவர் ஏனையோரைப் புரிந்துகொள்ள இடர்ப்படுவது உண்மையே. ஏனையோரும் அவரைப் புரிந்துகொள்ள அதேபோல் இடர்ப்படுகின்றனர். ஆயினும் குறை ஒருவர் மீதே சுமத்தப்படுகிறது என்பது அவரது வாதம். 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதற்கு வலுவூட்டுகிறது. ஓட்டிசம் உடையோரைச் சில கணங்கள் கண்டும் கேட்டும் மதிப்பிட்டோர் அவர்களோடு பழக விருப்பம் குன்றியவராயினர். அவர்கள் பேசியதை எழுத்தில் மட்டும் வாசித்தோரிடமோ அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. வெறுப்பைத் தூண்டியது கருத்தன்று, குரலும் தோற்றமுமே.

2020இல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர் எண்மர் கொண்ட சங்கிலிகளை அமைத்து ஒரு கதையைச் செவிவழியாகக் கடத்தச் செய்தனர். ஓட்டிசம் உடையோர் மட்டும் இருந்த சங்கிலியிற் கதை ஏனையோர் சங்கிலியிற்போலவே பேணப்பட்டது. இருசாராரும் கலந்த சங்கிலியிலேயே அது விரைந்து சிதைந்தது. 2025இல் வெளியான இதனினும் பெரிய ஆய்வில் கலப்புச் சங்கிலியிற் கண்ட அச்சிதைவு உறுதிப்படவில்லை என்பதையும் மறைத்தலாகாது. ஆயினும் ஓட்டிசம் உடையோர் செய்தி பரிமாறுவதில் ஏனையோர்க்குக் குறைந்தவரல்லர் என்பது அவ்வாய்விலும் புலனாயிற்று. புரிதல் ஒருவரின் உடைமையன்று, இருவர்க்கிடையே நிகழும் உறவு என்னும் முடிபுக்கு இவை இட்டுச்செல்கின்றன. புரியாமையின் பொறுப்பும் ஆதலின் இருபாலதாகும்.

இம்முதியோருட் பலர் ஒருவரையொருவர் நேரிற் காணாது எழுத்தின் வழியே பழகுபவர். இது முழுமையான நட்பாகுமா என்பது அடுத்த ஐயம். சேர்ந்து வாழ்தல் நட்புக்கு இன்றியமையாதது என அரிஸ்ரோட்டில் கூறுவது உண்மையே. ஆனால் ஒன்பதாம் நூலில் அவரே அதனை விளக்குகையில், மனிதர்க்குச் சேர்ந்து வாழ்தலாவது கால்நடைகள் ஓரிடத்தில் மேய்வது போன்றதன்று, சொல்லையும் சிந்தனையையும் பகிர்வதே என்கிறார். வள்ளுவரோ இன்னும் ஒருபடி மேலே சென்று, உடனுறைதலும் அடிக்கடி பழகுதலும் வேண்டியதில்லை, ஒத்த உணர்ச்சியே நட்புரிமையைத் தரும் எனக் கொள்கிறார். பரிமேலழகர் அவ்விடத்திற் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் நினைவூட்டுவது தமிழ் மாணவர் அறிந்ததே. முகத்தின் மலர்ச்சியை விடுத்து உள்ளத்தின் மலர்ச்சியையே நட்பின் அடையாளமாகக் கொண்ட அம்மரபுக்கு, முகம் மலரத் தெரியாத இம்மனிதரின் நட்பு அந்நியமாகாது.

எனினும் எதிர்வாதங்கள் இரண்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. முதலாவது, பேச்சே வாய்க்காதவரும் வாழ்நாள் முழுவதும் பராமரிப்பு வேண்டுவோரும் ஓட்டிசம் உடையோருள் உளர். எழுதிப் பழகும் முதியோரை மட்டும் கொண்டு அனைவர்க்கும் முடிபு கூறுதல் தவறாகும். இது ஏற்கத்தக்கதே. ஆனால் இவ்வாதம் மேற்கூறிய முடிபைத் தகர்ப்பதற்கு மாறாக அதன் கடமையை விரிக்கிறது. புரிதல் உறவெனில், பேசாதவரை அறியும் முயற்சி பேசுபவரையே பெரிதும் சாரும். இரண்டாவது, ஒத்தோர் ஒத்தோருடன் மட்டும் கூடுவது சமூகத்தினின்றும் ஒதுங்கும் ஒருவகைத் தீவு வாழ்க்கையாகாதா? நோயும் தனிமையும் வறுமையும் சூழும் முதுமையில் பகிடி மருந்தாகாது, வீட்டுக்கும் வருமானத்துக்கும் ஈடாகாது. அரசும் சமூகமும் செய்யவேண்டியதை நண்பர் தலையிற் கட்டிவிட்டு, அவர்களின் நட்பைப் பாராட்டி அமைதல் அறமன்று.

இவ்விடத்தில் டொனால்ட் ட்ரிப்லெற்றின் வாழ்வு சிந்தனைக்குரியது. கன்னரின் கட்டுரையில் முதலாவதாக விவரிக்கப்பட்ட சிறுவர் அவரே. 1933இற் பிறந்த அவர் மிசிசிப்பி மாநிலத்தின் பொறெஸ்ற் என்னும் சிற்றூரில் வங்கி ஊழியராக வாழ்ந்து, கோல்ப் விளையாடி, பல நாடுகளுக்குத் தனியே பயணஞ்செய்து, 2023இல் தமது 89ஆவது வயதிற் காலமானார். தமக்குப் பழக்கமானோர்க்கு ஆளுக்கோர் எண்ணைச் சூட்டி, பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அதனை மறவாதிருத்தல் அவரது வழக்கம். வேறிடத்தில் அது நோய்க்குறியாக ஏட்டிற் பதியப்பட்டிருக்கும். அவ்வூரார் அதனை அவர் தரும் பட்டப்பெயராகவே பெற்றுக்கொண்டனர். அவருடைய குடும்பம் வசதி படைத்தது, அவ்வங்கியும் குடும்பத்தினருடையது என்பதும் மறக்கத்தக்கதன்று. செல்வம் வாங்கித்தந்த ஏற்பு எவ்வளவு, அயலாரின் பண்பு தந்த ஏற்பு எவ்வளவு எனப் பிரித்தறிதல் கடினம். ஆயினும் இயற்கையின் வேறுபாடு மட்டுமே ஒருவரைத் தனிமைக்குத் தள்ளுவதில்லை, சூழ இருப்போரின் செயலும் அதிற் பங்குகொள்கிறது என்பதற்கு அவ்வூர் சான்றாகிறது. ஓட்டிசம் உடையோர் மட்டும் கூடிய இடத்தில் நிகழ்ந்தது இங்கு ஏனையோரிடையேயும் நிகழ்ந்துள்ளது.

ஆகவே, முதியோரின் இச்சிறுபேச்சை வீண்பேச்சென ஒதுக்குதல் பொருந்தாது. நட்புக்கு உரியவரல்லர் என ஒரு நூற்றாண்டு எழுதிவைத்த தீர்ப்பை அப்பேச்சு அமைதியாக மறுத்து நிற்கிறது. அதனைக் கேட்போர் முன்னுள்ள கடமையும் அதிலிருந்தே தெளிவாகிறது. ஒருவரின் பேச்சு விளங்காதபோது, இவரிடம் உள்ள குறை யாது என்பதோடு, தாம் கேட்கும் முறையில் உள்ள குறை யாது என்பதையும் வினவியாதல் வேண்டும். பதினொரு வாரம் தொலைபேசி எடுக்காதிருந்தவர் தம் நண்பருக்கு எழுதிக்கொடுத்த அச்சிறு தாளில், இவ்வினாவுக்கான விடையின் தொடக்கம் உண்டு.