கொடுத்து நிறைதல்

குற்றாலச் சாரலில் நீராடித் திரும்பும் நாம், தென்காசியை அடையுமுன்பே மீண்டும் நீராட விழைகிறோம். பெறப்பெற வளர்வதே ஆசையின் இயல்பு. அருவியோ சிற்றாறாகி, தென்காசியைக் கடந்து, குளங்களையும் வயல்களையும் நிரப்பி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து தன் பெயரையும் இழக்கிறது. இது இழப்பா, நிறைவா?

இம்மலைத்தொடரின் தென்கோடியை அடுத்த ஆரல்வாய்மொழியில் 1752இல் சுட்டுக் கொல்லப்பட்ட மறைசாட்சி தேவசகாயம், அரண்மனைப் பதவியையும் உயிரையும் விசுவாசத்திற்காகக் கையளித்தார். 2022இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நம்மிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் உயிரன்று. பங்காளியோடு எழும் வரப்புத் தகராறில் ஓரடி நிலத்தை விட்டுக்கொடுத்தல், நோயுற்ற அயலாரருகே ஓரிரவு விழித்திருத்தல். அன்பின்றித் துறப்பது வெறும் வறட்சி. அன்பினால் கொடுப்பதே வாழ்வின் ஊற்று. கல்வாரியில் தம்மையே கையளித்த ஆண்டவர் காட்டிய வழி அதுவே. அவ்வழி நடப்போமாக.