நனைந்த நெல்லும் ஊறிய நெல்லும்

அப்பளம் நமத்துப்போனால் அதை நனைந்தது என்று யாரும் சொல்வதில்லை. அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. ஈரத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டது. சுவரில் ஏறுவது ஓதம். அது மண்ணடியிலிருந்து வருகிறது. விட்டுவிட்டுத் தூறும் நாளில் தெரு நசநசவென்று கிடக்கும். கால் வைத்தால் அழுந்துமளவுக்கு நீர் நிறைந்த தரை சொதசொத. எவ்வளவு ஈரம் என்பதோடு, அது எங்கிருந்து வந்தது, எதுவரை போயிருக்கிறது என்பதையும் இந்தச் சொற்கள் சொல்லிவிடுகின்றன. இவற்றில் சிலவற்றை இரட்டைக்கிளவி என்று பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வியாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். அவை தலைமுறை தலைமுறையாகக் கையும் காலும் கண்டறிந்த அறிவு என்றே நான் நினைக்கிறேன்.

உழவில் இந்த அறிவு இன்னும் கூர்மையானது. மானாவாரி நிலத்துக்காரர்கள் மழையை 'ஓர் உழவு மழை', 'ரெண்டு உழவு மழை' என்று கணக்கிடுவார்கள். மில்லிமீட்டர் வானத்திலிருந்து விழுந்ததைச் சொல்கிறது. உழவுக் கணக்கு மண்ணுக்குள் இறங்கியதைச் சொல்கிறது. திருக்குறளின் உழவு அதிகாரத்திலேயே ஓர் ஈரக் கணக்கு உண்டு: ஒரு பலம் புழுதி கால் பலமாகும்வரை காய்ந்தால், பிடி எருவும் தேவைப்படாது. நெல்லுக்குக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' வேண்டும் என்பார்கள். செம்மை நெல் சாகுபடியின் பரிந்துரையும் அதுவே: வயலில் மயிரிழை வெடிப்பு தெரிந்த பிறகு 2.5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட வேண்டும்.

இவ்வளவு தெரிந்தவர்கள், விளைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனதும், பேச வாய்ப்பில்லாதவர்களாகிவிடுகிறார்கள். அங்கே செல்லுபடியாகும் சொல் ஒன்றுதான்: ஈரப்பதம். அதன் வரம்பு 17 சதவீதம்.

காவிரிப் படுகையில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே வருகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் அறுக்கும் நெல்லில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருப்பது இயல்பு. முன்பெல்லாம் கதிரை அறுத்து, அரியாக வயலிலேயே காயவிட்டு, பிறகு கட்டாகக் கட்டிக் களத்தில் அடிப்பார்கள். களம் போய்ச் சேர்வதற்குள் பாதி ஈரம் போயிருக்கும். இன்று இயந்திரம் நின்ற கதிரை அறுத்து அப்போதே நெல்லாக்கித் தந்துவிடுகிறது. ஆள் பற்றாக்குறையில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வயல் செய்துவந்த உலர்த்தும் வேலை இப்போது யாருடையது என்று எவரும் முடிவு செய்யவில்லை. அது தார்ச்சாலைக்குப் போய்விட்டது. வண்டிகள் போகும் வழியின் ஓரத்தில் பெண்கள் காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள்.

கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கும் நெல்லில் பல ஈரங்கள் உண்டு. தார்ப்பாயின் ஓரத்தில் சாரல் பட்டது நனைந்த நெல். நல்ல வெயில் ஒன்று கிடைத்தால் போதும். அடியில் தேங்கிய நீர் உமியைக் கடந்து அரிசிவரை போய்விட்டால் அது ஊறிய நெல். குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரியும், விட்டுவைத்தால் முளை கட்டும். முற்றாமல் அறுத்தது பச்சை நெல். அதன் ஈரம் அதனுடையதே. காய்ந்த பிறகு மழையில் மாட்டிய நெல் வேறு விதம்: உள்ளே கீறல் விழுந்திருக்கும், ஆலையில் குருணை கூடும். ஒரு நெல்லைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்து, நறுக்கென்று உடைகிறதா, மாவாக நசுங்குகிறதா என்று பார்த்தே இவற்றில் பலவற்றைச் சொல்லிவிடுவார்கள். கருவி எல்லாவற்றுக்கும் ஓர் எண்தான் காட்டுகிறது.

கருவி வேண்டாம் என்பதல்ல என் வாதம். ஈரம் கூடிய நெல்லைச் சேமித்தால் பூஞ்சை பிடிக்கும், அரிசி பழுக்கும். அது ரேஷன் கடை வழியாக ஏழையின் உலைக்குத்தான் போகும். வரம்பு அவசியம். ஆனால் அந்த எண்ணுக்குத் தெரிந்தது ஏற்பதும் மறுப்பதும் மட்டுமே. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது பழைய சொற்களுக்குத் தெரியும்: நனைந்தால் விரித்துவிடு, ஊறினால் உடனே உலர்த்து, பச்சை என்றால் மீதி அறுப்பைத் தள்ளிப்போடு.

மழை வலுத்த ஆண்டுகளில் வரம்பைத் தளர்த்தக் கோரி மாநில அரசு எழுதுகிறது. மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப்போகிறது. 19, 20 சதவீதம்வரை தளர்த்திய ஆண்டுகளும் உண்டு, 22 கேட்டதும் உண்டு. அந்தக் கடிதங்கள் போய்வரும் நாட்களில்தான் நனைந்த நெல் ஊறிய நெல்லாகிறது. குறுவை எப்போது அறுப்புக்கு வரும், பருவமழை எப்போது தொடங்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தி. கொள்முதல் நிலையம்தோறும் கூரை போட்ட ஒரு களமும், பல நிலையங்களுக்குப் பொதுவாக ஓர் உலர்த்தும் இயந்திரமும் மழைக்கு முன்பே தயாராக இருந்தால், தளர்வு கேட்டு எழுதும் கடிதங்களில் பாதிக்குத் தேவையிருக்காது.