வீட்டு விலை பேசுவதில் பேணுதல்



கடையில் நிறுவை நிறுக்கும்போது அல்லாஹ்வை அஞ்சுகிற நாம், வீடு வாங்கப் புறப்படும்போது அந்த அச்சத்தைக் கல்லாப் பெட்டியிலேயே வைத்துப் பூட்டிவிடுகிறோம். பிறரைச் சுட்டி இதைச் சொல்லவில்லை. நம்மையே சுட்டிச் சொல்கிறோம்.

கூடுதல் விலை கேட்பது குற்றமா? இல்லை. வறுமையுற்ற அன்ஸாரி ஒருவர் வந்தபோது, அவர் வீட்டு விரிப்பையும் கிண்ணத்தையும் கொண்டுவரச் செய்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே ஏலம் கூறினார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் என்றார். மேலே தருபவர் உண்டா என்று கேட்க, மற்றொருவர் இரண்டு திர்ஹத்துக்கு வாங்கினார். அதில் ஒரு திர்ஹத்துக்கு உணவும் மற்றதற்குக் கோடரியும் வாங்கச் சொல்லி, விறகு வெட்டிப் பிழைக்க வழிகாட்டினார்கள். ஆகவே, விற்பவர் பலரிடமும் விலை கேட்டிருக்கும் வரை நாமும் கூட்டிக் கேட்கலாம்.

விலக்கப்பட்டவை இரண்டு. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவது ஒன்று; மார்க்கத்தில் இதற்கு 'நஜ்ஷ்' என்று பெயர். இல்லாத ஆளைச் சொல்லித் தரகர் மிரட்டுவதும், நாம் விற்கும்போது மச்சானை அனுப்பி விலை கேட்க வைப்பதும் இதுதான். ஒரு சகோதரருக்கு விலை பொருந்திய பின் இடையில் புகுந்து கூட்டிக் கேட்பது மற்றொன்று.

இந்த இரண்டாவதில்தான் நாம் இடறினோம். சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் ஒரு நான்கறை வீடு. நம் ஜமாஅத்துச் சகோதரர் ஒருவர் விலை முடித்து, மறுநாள் காலை ஆப்ஷன் பெற இருந்தார். தெரிந்தும் அன்றிரவே எட்டாயிரம் வெள்ளி கூட்டிச் சொன்னோம். வீடு நமக்கு வந்தது. ஆப்ஷன் கொடுத்த பின்னர்தான் 21 நாளைக்கு விற்பவர் கட்டுப்படுவார். ஆகவே சட்டம் நம்மை ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஜும்ஆவில் அதே சகோதரர் பக்கத்து ஸஃப்பிலிருந்து முந்திக்கொண்டு ஸலாம் சொன்னார். பதில் சொல்ல நா எழவில்லை. மூன்று மாதம் கழித்து அவர் வீடு தேடிப் போய், ஹக்கைப் பொருந்திக்கொள்ளும்படி கேட்டோம். பொருந்திக்கொண்டார். ஆனால் அவர் பிள்ளைகள் அன்றும் வாடகை வீட்டில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படியானால் நேர்மையாகப் போட்டியிடுவது எப்படி? வீவக தகுதிக் கடிதத்தை முன்னரே பெற்றுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் மறுவிற்பனை வீட்டுக்கு ஆப்ஷன் பெற முடியாது. ஆயிரம் வெள்ளிக்கு மேற்படாத ஆப்ஷன் பணத்தைக் கையில் தயாராக வையுங்கள். விற்பவருக்குப் புது வீடு கிடைக்கத் தாமதமானால், கழக அனுமதியுடன் மூன்று மாதம் வரை தங்கிக்கொள்ள இசையுங்கள். பல நேரம் பணத்தைவிட இந்த இரக்கமே விற்பவர் மனத்தை வெல்லும்.

ஓர் எச்சரிக்கை. 2014 முதல், விலை முடிந்து ஆப்ஷன் பெற்ற பிறகே கழகத்திடம் மதிப்புக் கேட்க முடியும். மதிப்புக்கு மேல் பேசிய தொகைக்குக் கடனும் உதவாது, மத்திய சேமநிதியும் உதவாது. ரொக்கமாகவே எண்ணிவைக்க வேண்டும். வீம்புக்கு விலையேற்றிக் கடைமுதலை அழிக்காதீர்கள். போகும் முன்பே ஓர் எல்லை வையுங்கள். அதைத் தாண்டினால், நம் ரிஸ்க் வேறு வாசலில் இருக்கிறதென்று எழுந்து வாருங்கள்.

சகோதரர் மனம் நோகாத வீட்டையும், அதில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.