விசுவாசமும் கண்டனமும்

சம்பளமோ பிரதிபலனோ கருதாது, பிழைப்புக்கான வேலை முடிந்தபின் எஞ்சும் பொழுதைப் பொதுநன்மைக்கென ஈந்து உழைப்போர் கூடிய ஒரு சமூகத்தில், அதன் குறையைப் பலரறிய எடுத்துரைப்பவன் விசுவாசியா துரோகியா என்னும் கேள்வி ஆழ்ந்து ஆராயத்தக்கது. 2001 ஜூலையில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் முன்னோடியான ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்த திருவனந்தபுரத்தை ஒரு கேந்திரமாகக் கொண்டு வளர்ந்த கேரளக் கட்டற்ற மென்பொருள் இயக்கம், இக்கேள்வியை ஏட்டளவில் அன்றி அநுபவத்திலேயே சந்தித்தது.

சில்லெழுத்துச் சர்ச்சை அதற்கு ஒரு சான்று. மலையாளத்தில் உயிரேறாத மெய்கள் சிலவற்றைத் தனி வடிவாற் காட்டும் சில்லெழுத்துகள், முன்னர்க் கணினியில் மெய்யும், சந்திரக்கலை என்னும் உயிர்நீக்கக் குறியும், கண்ணுக்குத் தோன்றாத ஓர் இணைப்புக் குறியும் சேர்ந்த தொடராகவே பதிவாயின. அவ்விணைப்புக் குறி கைநழுவினால் சொல்லே வேறாகிவிடும் என்று கருதியோர் தனிக்குறி வேண்டினர். ஒரே சொல் இருவகையாகப் பதிவாகித் தேடுவோர்க்கு அகப்படாது போகும் என்று ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர் வன்மையாக மறுத்தனர். எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு வகுக்கும் யூனிகோடு நியமத்தின், 2008இல் வெளிவந்த 5.1 பதிப்பு ஆறு சில்லெழுத்துகளுக்குத் தனிக்குறி வழங்கியது. எனினும் மறுத்தவர் பணியைத் துறந்துவிடவில்லை. அவர்கள் பேணிய எழுத்துருக்கள் நாளடைவில் இருவகைப் பதிவையும் பிழையின்றிக் காட்டலாயின. இரு சாராரும் ஒரே மொழியின்பால் அபிமானம் கொண்டோரே. அவருள் எவரையேனும் துரோகி என்றிருந்தால் அது அநீதியாக முடிந்திருக்கும்.

கண்டனத்தை அஞ்சுவோர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஊதியமின்றி உழைப்பவனுக்குக் கிடைக்கும் ஒரே வெகுமதி மனநிறைவு. கடுஞ்சொல் அதனையும் பறித்துவிட்டால் அவன் சொல்லாமலே விலகிப்போவான், அவன் பேணிய நிரலோ நாதியற்றுக் கிடக்கும். ஆயினும், மூலநிரலை எவரும் காணுமாறு திறந்துவைத்ததன் நோக்கமே குறைகள் வெளிப்பட வேண்டும் என்பதன்றோ? டெபியன் என்னும் கட்டற்ற இயங்குதளத்தை ஆக்கும் சமூகத்தார் 1997இல் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தில், வழுக்களை மறைப்பதில்லை என்பதையும் ஒரு பிரதிக்ஞையாகவே வைத்தனர். நிரலைத் திறந்துவிட்டு வாயை அடைக்க முற்படுவது அந்தத் தர்மத்துக்கே முரணாகும்.

குறை கூறுவோனை நோக்கி, 'நீயே திருத்தி அனுப்பு' என்று விடையிறுப்பது வழக்கமாகியிருக்கிறது. திருத்த வல்லவனிடம் அது நியாயமான அழைப்பு. குனூ லினக்ஸ் என்னும் கட்டற்ற இயங்குதளம் கொண்டு கணினிக் கல்வி நடத்தும் கேரளப் பள்ளியொன்றில், நிரலெழுத அறியாத ஆசிரியை, எழுத்து சிதைகிறது என்று முறையிடுகையில் அதே விடை ஆணவமாகிவிடுகிறது. வழு எந்நிலையில், எவ்வாறு தோன்றுகிறது என்று பொறுமையுடன் விவரிப்பதும் உழைப்பே. கண்டிப்பவனுக்கும் கடமைகள் உள: ஆளைவிட்டு நிரலைப் பேசுவதும், முன்னோர் பட்ட சிரமத்தை அறிந்து பேசுவதும், முடிவு தன் கருத்துக்கு மாறாகச் சென்றபோதும் இயன்றவரை தோள் கொடுப்பதும் அவை.

விசுவாசம் தலைவருக்கோ ஸ்தாபனத்துக்கோ உரிய காணிக்கை அன்று. அம்மென்பொருளை நம்பித் தன் மொழியை எழுதும் கடைசி மனிதனுக்குப் பட்ட கடன் அது. அவனுக்கு இடையூறு நேர்வதை அறிந்தும் தோழமை கருதி வாளாவிருப்பவன் விசுவாசி ஆகான். அதனை எடுத்துச் சொல்லி, தீரும்வரை உடன் நிற்பவனே விசுவாசி.