நாவின் முடிச்சும் நம் செவியின் கடமையும்

திருமறையின் ரஹ்மான் அத்தியாயம், மனிதன் படைக்கப்பட்டதைச் சொன்ன கையோடு, அவனுக்கு விளக்கிப் பேசக் கற்றுக் கொடுக்கப்பட்டதையும் சொல்கிறது. அந்த அளவுக்குப் பேச்சு ஓர் அருட்கொடை. அந்தக் கொடை சிலருக்குத் தடங்கலோடு வருகிறது. சொல்ல வேண்டியது உள்ளத்தில் தெளிவாக இருக்கும், வாய் திறந்திருக்கும், சொல் மட்டும் வெளியே வராது. முதல் எழுத்தே திரும்பத் திரும்ப வரும், அல்லது நீண்டுகொண்டே போகும், அல்லது அடியோடு நின்றுவிடும். இதைத்தான் நாம் திக்குவாய் என்கிறோம். திக்குவது யாருடைய குற்றம்? பேசுபவர் ஒருவர், கேட்பவர் ஒருவர். இவ்விருவரில் கடமை யாருக்கு அதிகம்? இதைச் சற்றுச் சிந்திப்போம்.

நம் வீடுகளில் இதற்கு ஆயத்தமான பதில்கள் உண்டு. "பயந்த சுபாவம்" என்பார்கள். "செல்லம் கொடுத்துக் கெடுத்தது" என்பார்கள். "நாக்குத் தடிப்பு" என்று சொல்லி வசம்பைச் சுட்டு உரைத்துத் தடவுவார்கள். வசம்பில் பீட்டா அசரோன் என்னும் பொருள் இருப்பதும், விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது அது நச்சாக விளைந்ததும் இன்று தெரிந்த செய்திகள். அதனால் பச்சைக் குழந்தையின் நாவில் அதைத் தடவுவதை மருத்துவர்கள் தடுக்கிறார்கள். நாக்கின் மேல் பழி போட்டது நம்மவர் மட்டுமல்லர். 1841-ல் ஜெர்மனி நாட்டின் பெரும் அறுவை மருத்துவரான டீஃபன்பாக், திக்கியவர்களின் நாக்கில் ஒரு துண்டையே வெட்டி எடுத்தார். நோயாளிகள் வேதனைப்பட்டதுதான் மிச்சம். அந்தச் சிகிச்சை விரைவிலேயே கைவிடப்பட்டது.

உண்மையில் பேச்சு நாக்கு மட்டும் செய்யும் வேலை அன்று. "பாத்திமா" என்று ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள். முதலில் இரு உதடுகளும் மூடிக்கொள்ளும், நெஞ்சிலிருந்து வரும் காற்று அவற்றின் பின்னே தேங்கும். உதடு திறந்தவுடன் குரல்வளையின் நாண்கள் அதிரத் தொடங்க வேண்டும். அடுத்து நாக்கின் நுனி பல்லைத் தொட்டு விலக வேண்டும். பிறகு உதடு மீண்டும் மூடும், அதே வேளையில் மூக்கின் வழி திறக்கும். இத்தனையும் ஒரு நொடிக்குள் முடிகின்றன. சாதாரணப் பேச்சில் ஒரு நொடிக்குப் பத்துக்கு மேற்பட்ட ஒலிகள் வெளிவருகின்றன. மூச்சும் குரலும் நாவும் உதடும் தாடையும் நேரம் தவறாமல் வந்து சேர வேண்டும். ஒன்று பிந்தினாலும் சொல் தடுமாறும்.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஆன் ஸ்மித் என்னும் பேராசிரியையும் அவருடைய குழுவினரும் இந்த அசைவுகளையே அளந்து பார்த்தார்கள். ஒரே வாக்கியத்தைப் பிள்ளைகளைப் பலமுறை சொல்லச் செய்து, உதட்டின் அசைவைக் கருவியால் பதிவு செய்தார்கள். திக்கும் பிள்ளைகள் திக்காமல் சொன்ன வேளையிலும்கூட, ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் அவர்களுடைய அசைவு அதிகமாக மாறியது. ஆகவே, திக்காத நேரத்திலும் அவர்களுடைய பேச்சுக்குக் கூடுதல் உழைப்பு தேவைப்படுகிறது. மூளையைப் படமெடுத்துப் பார்த்தவர்கள், பேச்சுக்குரிய பகுதிகளை இணைக்கும் நரம்புப் பாதைகளில் வேறுபாடு கண்டார்கள். 2010-ல் டென்னிஸ் டிரைனா என்பவரின் தலைமையில் நடந்த ஆய்வு, நெருங்கிய உறவுக்குள் மணம் முடிக்கும் பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்து, திக்குவாயோடு தொடர்புள்ள மரபணு மாற்றங்களைக் கண்டறிந்தது. எல்லாருடைய திக்கலுக்கும் அவையே காரணம் அல்ல. ஆயினும் இது வளர்ப்பின் பிழையோ மனத்தின் கோழைத்தனமோ அல்ல என்பதற்கு இவை போதும்.

"சேர்ந்து ஓதும்போது தங்குதடையின்றி ஓதுகிறான். தனியாகக் கேட்டால் மட்டும் திக்குகிறான். வேண்டுமென்றே செய்கிறான்" என்று மக்தபில் சில உஸ்தாதுகள் சினப்படுவதுண்டு. இது தவறான முடிவு. பலரோடு சேர்ந்து சொல்லும்போதும், பாட்டாகப் பாடும்போதும், தனிமையில் தனக்குத்தானே பேசும்போதும் திக்கல் பெரும்பாலும் மறைந்துவிடுவது உலகெங்கும் அறியப்பட்ட செய்தி. பலரோடு சேரும்போது பேச்சுக்குரிய காலக்கணக்கு வெளியிலிருந்து கிடைக்கிறது. தன் பெயரைத் தானே சொல்லும்போது அந்தத் துணை இல்லை. அது நடிப்பாகாது.

இனி ஒரு வேதனையான சரித்திரம். 1939-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வெண்டெல் ஜான்சன் என்னும் அறிஞர் இருந்தார். அவரும் திக்கியவரே. பெற்றோர் குறை சொல்லிச் சொல்லியே பிள்ளை திக்குவாயாகிறது என்பது அவர் எண்ணம். அதைச் சோதிக்க, அவருடைய மாணவி ஒருவர் அநாதை இல்லம் ஒன்றிலிருந்து 22 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த ஆறு பிள்ளைகளிடம், "உனக்குத் திக்கல் வரும் அறிகுறி இருக்கிறது. சரியாகச் சொல்ல முடிந்தால் மட்டும் பேசு" என்ற கருத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அப்பிள்ளைகள் உண்மையான திக்குவாயர்கள் ஆகிவிடவில்லை. ஆனால் பேசவே அஞ்சி ஒடுங்கினார்கள். 2001-ல் இது பத்திரிகையில் வெளியாகி, பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-ல் மாநில அரசு 9,25,000 டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. எத்தீமின் சொத்தைத் தொடுவதையே நெருப்பென அஞ்சும் நாம், எத்தீமின் நாவைக் கட்டிப்போட்ட இச்செயலை என்னவென்பது?

இதிலிருந்து நாம் பெறும் பாடம் ஒன்று உண்டு. பிறருடைய சொல் ஒருவரைத் திக்கச் செய்யவில்லை. ஆனால் அது ஒருவரை ஊமையாக்க வல்லது. திக்கல் உடலோடு வந்தது, அதற்கு யாரும் பொறுப்பில்லை. திக்குபவர் வாயை மூடிக்கொள்கிறாரே, அந்த மௌனத்துக்கு நாம் பொறுப்பு. ஸலாம் சொல்ல அஞ்சி வேறு தெருவில் போகிறவர், கடையில் வேண்டியதைக் கேட்கத் தெரியாதவர்போல் விரலால் காட்டுகிறவர், ஓத முடியாது என்று மதரஸாவை விட்டு நிற்கும் சிறுவன் இவர்களெல்லாம் நம் சிரிப்பின் விளைவுகள் அல்லரா?

மார்க்கம் இவர்களை எங்கே வைத்திருக்கிறது? ஃபிர்அவ்னிடம் தூது செல்லப் பணிக்கப்பட்ட மூஸா (அலை) அவர்கள், தம் நாவின் முடிச்சை அவிழ்த்துவிடுமாறு இறைவனிடம் வேண்டினார்கள். தம்மைவிடத் தெளிவாகப் பேசும் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். துணை கிடைத்தது. ஆயினும் தூதுத்துவம் மூஸாவை விட்டு நாவன்மை மிக்கவரிடம் மாற்றப்படவில்லை. தெளிவாகப் பேசத் தெரியாதவர் என்று அவரை இழித்துரைத்தவன் யார்? ஃபிர்அவ்ன். திக்குபவரைப் பார்த்துச் சிரிக்கும்போது நாம் யாருடைய வரிசையில் போய் நிற்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

திருக்குர்ஆனைத் தட்டுத் தடுமாறி, சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு நற்கூலி உண்டு என்ற நபிமொழியை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். "அப்படியானால் தொழுகை நடத்தலாமா? எழுத்து கூடினால் தொழுகை கெடாதா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் மின்ஹாஜ் நூலில், 'த' எழுத்தையும் 'ஃப' எழுத்தையும் திரும்பத் திரும்பச் சொல்பவரைப் பின்பற்றித் தொழுவதை மக்ரூஹ் என்றார்கள். தொழுகை கூடாது என்று சொல்லவில்லை. தம் வசத்தில் இல்லாத எழுத்து மன்னிக்கப்படுகிறது. தனித்துத் தொழுபவருக்கோ எந்தக் குறையும் இல்லை. நிக்காஹ் மஜ்லிஸிலும் அவ்வாறே. ஊமையின் புரியும்படியான சைகையையே ஏற்கும் சட்டம், "கபூல்" என்னும் சொல் சற்றுப் பிந்தி வருவதை ஏற்காமல் போகுமா? சட்டம் காத்திருக்கிறது. சபையோர்தாம் காத்திருப்பதில்லை.

கொல்லிமலையின் திருப்புலி நாட்டை நினைத்துப் பாருங்கள். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பஸ் வேகம் குறைந்து, ஒலியெழுப்பி, நின்று திரும்பும். பஸ்ஸில் இருப்பவர் யாரும் ஓட்டுநரை ஏசுவதில்லை. பாதை அப்படி என்று அறிந்து அமைதியாக இருக்கிறார்கள். திக்குபவரின் பேச்சும் மலைப்பாதைதான். அதற்குரிய நேரத்தைக் கொடுத்தால் அது ஊர் போய்ச் சேரும்.

அப்படியானால் முயற்சியே வேண்டாமா? வேண்டும். இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகள் அளவில் திக்கத் தொடங்குகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை தாமாகவே தெளிந்துவிடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் நிலைத்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலும், குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்தாலும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். 1965-ல் தொடங்கிய மைசூர் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இதற்கென்றே உள்ளது. 2013 முதல் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்க மருத்துவக் குழுக்கள் வருகின்றன. திருப்புலி நாடு போன்ற மலையூர்ப் பெற்றோர் அவர்களிடமே முதலில் சொல்லிவிடலாம். வளர்ந்தவர்க்குப் பயிற்சியின் நோக்கம் திக்கலை அறவே ஒழிப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அஞ்சாமல் பேச வருவதே பெரிய வெற்றி.

நாம் செய்ய வேண்டியவை எளியவை. அவர் பேசும்போது முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். சொல்லை அவருக்காக நீங்கள் முடிக்காதீர்கள். உதவி என்று எண்ணிச் செய்தாலும், அது அவர் வாயிலிருந்து சொல்லைப் பறிப்பதாகும். "மெதுவாகச் சொல், மூச்சு விட்டுச் சொல்" என்று அடிக்கடி அறிவுரை கூறாதீர்கள். பிள்ளையிடம் நீங்களே நிதானமாகப் பேசுங்கள். உஸ்தாது அப்பிள்ளையின் பாடத்தைத் தனியே அழைத்துக் கேட்கட்டும். மற்றப் பிள்ளைகள் சிரித்தால் அங்கேயே தடுக்கட்டும். மாப்பிள்ளை "கபூல்" சொல்லத் தடுமாறினால், சபையோர் தலை குனிந்து காத்திருக்கட்டும்.

பேசும் நாவைப் பற்றி மறுமையில் கேள்வி உண்டு என்பதை நாம் அறிவோம். கேட்கும் செவியைப் பற்றியும் கேள்வி உண்டு என்று திருமறை எச்சரிக்கிறது. ஒரு சகோதரர் தம் சொல்லை முடிக்கும் வரை பொறுத்திருக்கச் சில நொடிகளே தேவை. அந்தச் சில நொடிகளைத் தரும் மனத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.